ஜோசஃபின் போட்ட போல்ட்

ஜோசஃபினும் நானும் பதினைந்து வருஷம் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டெலிபோனுக்கு ஸ்க்ரூ முடுக்கினோம். பெங்களூரில் கே.ஆர்.புரம் போகிற வழியில் இருந்த அரசாங்கத் தொழிற்சாலை அது. நான் ஈஜிபுராவிலிருந்து வருவேன், அவள் காக்ஸ் டவுனிலிருந்து. எங்கள் வரிசையில் இருபத்திரண்டு பெண்கள். சூப்பர்வைசர் எல்லாருடைய தட்டையும் சோதிப்பார், ஜோசஃபினுடையதை மட்டும் அப்படியே அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவார். அவள் முடுக்கிய ஸ்க்ரூ தளர்ந்தும் இருக்காது, மரை தேய்ந்தும் இருக்காது.

"எப்படித் தெரியுது உனக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கடைசி அரைச் சுத்துல கையில ஒரு கனம் தெரியும் யசோதா. அங்க நிறுத்திடணும். அதுக்கு மேல போனா மரை போயிடும்" என்றாள்.

வீட்டில் அவளும், அம்மா அன்னம்மாளும், தம்பி இன்னாசியும்தான். அப்பா போனபோது இன்னாசிக்கு ஐந்து வயது, அவளுக்குப் பதினான்கு. அவனை வளர்த்தது பாதி அன்னம்மாள் என்றால் பாதி இவள். மாப்பிள்ளை பார்த்தார்கள், ஒன்றும் அமையவில்லை. அதைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை. பேசினால் இன்னாசியைப் பற்றித்தான் பேசுவாள்.

இன்னாசி பத்தொன்பது வயதில் ஒரு கூரியர் ஆபீஸில் சேர்ந்தான். நாள் முழுக்க சைக்கிளில் தபால் கொடுப்பான். அவன் கால் வேகத்தைப் பார்த்து நாகேஷ் என்கிற பையன் அவனை ரேஸ் ஓட்டுகிற கூட்டத்தில் சேர்த்துவிட்டான். இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் கிளம்பி, பழைய மெட்ராஸ் ரோட்டில் ஹொஸ்கோட்டே வரைக்கும் போய்த் திரும்புவார்கள். 1991 கடைசியில், ரேஸை விட்டுவிட்ட ஒரு பெரியவர் தன்னுடைய ஷூவையும் பெடலையும் இன்னாசிக்குக் கொடுத்தார். வெளிநாட்டு ஷூ. கறுப்புத் தோல், மரக்கட்டை மாதிரி விறைத்த அடிப்பாகம். அதன் அடியில் முக்கோணமாக ஒரு பிளாஸ்டிக் துண்டு, மூன்று போல்ட்டால் பிடித்திருக்கும். அதற்குப் பெயர் கிளீட். பெடல் மேல் காலை வைத்து அழுத்தினால் கிளீட் 'டக்'கென்று அதற்குள் மாட்டிக்கொள்ளும். அப்புறம் காலும் சைக்கிளும் ஒன்று. எடுக்க வேண்டுமென்றால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும், விட்டுவிடும்.

முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு அவன் வீட்டு வாசலிலேயே இரண்டு முறை விழுந்தானாம். ஜோசஃபின் பஸ்ஸில் சொல்லிச் சிரித்தாள்.

அந்தக் கிளீட்டைப் பராமரிக்கிற வேலை தானாக அவள் கைக்கு வந்தது. நடந்தால் தேயும். மண் போய் போல்ட் தலையிலிருக்கிற குழிக்குள் அடைத்துக்கொள்ளும், அப்படியே முடுக்குகிற சாவியைப் போட்டால் தலை வழுக்கிவிடும். மழையில் நனைந்தால் துரு ஏறும். சனிக்கிழமை மதியம் அவள் வாசற்படியில் செய்தித்தாளை விரித்து உட்காருவாள். ஊக்கால் போல்ட் தலையிலிருக்கிற மண்ணை நோண்டி எடுப்பாள். பழைய கிளீட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அதைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுக்கொள்வாள், புதியது அதே இடத்தில் உட்கார வேண்டுமே. ஒரு மயிரிழை திரும்பினாலும் முட்டி வலிக்கும் என்று இன்னாசி சொல்லியிருந்தான். மரையில் விரல் நுனியால் கிரீஸ் தடவுவாள். மூன்று போல்ட்டையும் ஒரேயடியாக முடுக்காமல் இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முடுக்குவாள்.

கொஞ்ச நாளில் மற்றவர்களும் கொண்டுவர ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் பெங்களூரில் அந்த மாதிரி ஷூ வைத்திருந்தவர்களே பத்துப் பதினைந்து பேர்தான். சனிக்கிழமை காக்ஸ் டவுனில் அவள் வீட்டு கேட்டில் நாலைந்து சைக்கிள் சாய்ந்திருக்கும். "அக்கா, இது வரமாட்டேங்குது" என்று நாகேஷ் ஷூவை நீட்டுவான். அவள் மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, "டீ குடிச்சிட்டு வா, வந்துடும்" என்பாள்.

அந்த ஐந்து வருஷமும் அவள் சந்தோஷமாக இருந்தாள் என்று நான் அடித்துச் சொல்வேன்.

1996 டிசம்பரில் ஒரு பெரிய நிறுவனத்தில் விளையாட்டு வீரர்களுக்கான வேலைக்கு ஓட்டப் பரீட்சை வைத்தார்கள். கிடைத்தால் நிரந்தர வேலை. இன்னாசி அதற்காக உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தான். நவம்பர் நடுவில், வலது ஷூவில் முன்பக்க போல்ட்டின் தலை முழுக்க வழுக்கிப்போனது. கிளீட்டும் தேய்ந்திருந்தது. ஜோசஃபின் ரம்பத்தால் போல்ட் தலையில் ஒரு கீறல் போட்டு, திருப்புளியை அதில் வைத்துத் திருகிக் கழற்றினாள். மாற்றுவதற்கு அந்த போல்ட் ஊரில் எங்கும் இல்லை. யாரோ ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வருகிறார், கொண்டுவருகிறார் என்று சொல்லியிருந்தார்கள்.

அவள் எஸ்.பி. ரோட்டில் நட்டு போல்ட் விற்கிற கடை கடையாக ஏறினாள். மரை பொருந்துகிற போல்ட் ஒன்று கிடைத்தது. ஆனால் நீளம் கொஞ்சம் குறைவு, தலையும் சின்னது. அடுத்த அளவு எடுத்தால் ஷூவுக்குள் துருத்திக் காலைக் குத்தும். சின்னதையே வாங்கிவந்து, ஒரு வாஷர் வைத்துப் போட்டாள். மூன்று மரைதான் பிடித்தது. பிடித்த வரைக்கும் கெட்டியாகத்தான் இருந்தது.

"போதுமாக்கா?" என்று இன்னாசி கேட்டிருக்கிறான்.

"போதும். நல்லது வர்ற வரைக்கும் ஓட்டு" என்று சொல்லியிருக்கிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஹொஸ்கோட்டேயிலிருந்து திரும்பும்போது, கே.ஆர்.புரம் தாண்டி ஒரு சிக்னலில் இன்னாசி நிற்கப் போனான். பின்னால் நாகேஷ் வந்துகொண்டிருந்தான். இன்னாசி வழக்கம்போல் வலது காலை எடுக்கக் குதிகாலைத் திருப்பினான். கால் வரவில்லை. இன்னொரு முறை திருப்பினான், மூன்றாவது முறையும் திருப்பினான். ஷூதான் திரும்பியது, கிளீட் பெடலிலேயே இருந்துவிட்டது. சைக்கிள் நின்றுவிட்டதால் வலது பக்கம் சாய்ந்தான். வலது பக்கம் ஒரு தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது உயிர் இல்லை. இருபத்து நாலு வயது.

கால் வெளியே வரவில்லை என்பதை நாகேஷ் அன்றைக்கே அழுதுகொண்டு சொல்லிவிட்டான். கேட்டவர்களுக்கு அது ஒரு விபத்தின் விவரம். ஜோசஃபினுக்கு அப்படி இல்லை. கிளீட் எப்போது ஷூவோடு திரும்பாது என்று அவளுக்குத் தெரியும். ஒரு போல்ட் விழுந்து மற்றவையும் தளர்ந்தால்தான் அப்படி ஆகும்.

ஆஸ்பத்திரியில் துணிகளையும் ஷூவையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அடக்கத்தன்று அன்னம்மாள் அந்த ஷூவைத் துடைத்து, பெட்டிக்குள் அவன் கால்மாட்டில் வைக்கச் சொன்னார். "பிள்ளை ஆசையாப் போட்டுக்கினது" என்றார். நான் ஜோசஃபின் பக்கத்தில்தான் நின்றேன். அவள் கை ஷூவை நோக்கிப் போனது. திருப்பி அடிப்பக்கம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், எந்த போல்ட் இருக்கிறது, எது இல்லை என்று. பாதியில் கையை இழுத்துக்கொண்டாள். பெட்டியை மூடினார்கள். கல்பள்ளி கல்லறையில் புதைத்தார்கள்.

அப்போது அவள் கை ஏன் நீண்டது என்று எனக்குத் தெரியாது.

ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தவள், ஸ்க்ரூ வேலை வேண்டாம் என்று பேக்கிங்குக்கு மாற்றிக் கேட்டாள். சூப்பர்வைசர் ஆச்சரியப்பட்டார். சனிக்கிழமைகளில் யாராவது ஷூவோடு வந்தால் கேட்டைத் திறக்காமலே "இல்லப்பா, செய்யறதில்ல" என்று அனுப்பிவிட்டாள். பிறகு யாரும் வரவில்லை. நாகேஷும் வரவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு மத்தியானம், சாப்பாட்டு வேளையில், டப்பாவைத் திறக்காமலே அந்தக் குட்டை போல்ட்டைப் பற்றி என்னிடம் சொன்னாள். சர்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டாளாம். இது பாவமில்லை, மனசைத் தேற்றிக்கொள் என்றாராம்.

"அம்மாகிட்ட சொல்லணும்" என்றாள்.

"எதுக்கு? சொல்லி என்ன ஆகப்போகுது?"

"தினமும் அந்த லாரிக்காரனை சபிக்கிறாங்க. காதால கேட்க முடியல."

நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவள் சொல்லிவிட்டாள்.

அன்னம்மாள் கத்தவில்லை, அழவும் இல்லை. "நீ போட்டதா?" என்று ஒரு வார்த்தை கேட்டாராம். ஆமாம் என்றிருக்கிறாள். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் காலையில் அடுப்பில் ஒரு சின்னப் பாத்திரத்தில் தனக்கு மட்டும் சோறு வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து மகள் சமைத்ததைத் தொடவில்லை. மற்றபடி சண்டை கிடையாது. ஒன்றாகப் பூசைக்குப் போவார்கள். மகளுடைய புடவையையும் சேர்த்துத் துவைத்துக் காயப்போடுவார். ஆனால் "ஜோசி" என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வார். அந்த வீட்டில் ஆறு வருஷம் இரண்டு சோறு வெந்தது.

நடுவில் எங்கள் தொழிற்சாலையும் நொடித்தது. செல்போன் வந்தபிறகு எங்கள் டெலிபோன் யாருக்கு வேண்டும்? 2002இல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் வெளியே வந்தோம். நான் வாரத்தில் ஒருநாள் காக்ஸ் டவுனுக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவேன்.

2004 ஜனவரியில் அன்னம்மாள் படுத்தார். எழுந்து சமைக்க முடியவில்லை. இரண்டு நாள் தண்ணீரைத் தவிர எதையும் வாங்கவில்லை. நான் போனபோது மெல்லிய குரலில், "யசோதாம்மா, கஞ்சி வெச்சுக் குடுக்கிறியா?" என்று கேட்டார். சமையலறைக்குப் போனேன். ஜோசஃபின் ஏற்கெனவே கஞ்சி வைத்து, ஆற்றி, உப்புப் போட்டு வைத்திருந்தாள். அதை எடுத்துப் போய், நான் வைத்தது என்று சொல்லி ஸ்பூனால் கொடுத்தேன். முழுவதும் குடித்தார். கதவோரம் நின்று ஜோசஃபின் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு எட்டு நாளும் நான் தினம் போய் அந்தப் பொய்யைச் சொன்னேன். ஒன்பதாம் நாள் அவர் கண் மூடினார். மகளிடம் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் காபி கொடுத்துக்கொண்டிருந்தோம். வந்தவர்கள் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவருகே தயங்கி நின்றார். தொப்பை விழுந்து, முன் தலை வழுக்கையாகி இருந்தது. ஜோசஃபினுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"உள்ள வா நாகேஷ்."

அவர் இப்போது வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியின் பஸ்களைக் கவனிக்கிற வேலையில் இருந்தார். அம்மா தவறிய செய்தி நேற்றுத்தான் தெரிந்தது என்றார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஏழு வருஷமா சொல்லணும்னு இருந்தேன். ரெண்டு தடவை உங்க தெரு முனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன்."

"சொல்லு."

"அன்னிக்கு ஹொஸ்கோட்டேல டீ குடிக்க நின்னோம். இன்னாசி முட்டி வலிக்குதுன்னான். கிளீட்டைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பி வெச்சா சரியாயிடும்னான். சாவி என்கிட்டதான் இருந்துச்சு. நான்தான் மூணு போல்ட்டையும் தளர்த்தி, திருப்பி வெச்சு, முடுக்கினேன். அதுக்குள்ள மத்தவங்க கிளம்பிட்டாங்க. இவனும் 'குருவே, ஆயித்து, போதும் வா வா'ன்னு அவசரப்படுத்தினான்." நாகேஷ் டம்ளரை மாற்றிப் பிடித்தார். "பின்னாடி இருந்த ரெண்டுல ஒண்ணை முடுக்கினேனா, இல்ல கையால திருகிட்டு அப்படியே விட்டுட்டேனா... எனக்கு ஞாபகமே இல்லக்கா. எவ்வளவு யோசிச்சாலும் அந்த இடம் மட்டும் வரமாட்டேங்குது."

ஜோசஃபின் முகத்தைப் பார்த்தேன். அவள் அழுவாள், இல்லை அவரைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"முன் போல்ட் எப்படி இருந்துச்சு? தலை சின்னதா இருக்குமே."

"ஆமா, அது மட்டும் வேற மாதிரி இருந்துச்சு."

"தளர்த்தும்போது கெட்டியா இருந்துச்சா?"

"கெட்டியாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் அழுத்தித்தான் திருப்பினேன்."

"திரும்ப முடுக்கும்போது? நின்னுச்சா, சுத்திக்கிட்டே இருந்துச்சா?"

"நின்னுச்சுன்னுதான் நினைக்கிறேன். சத்தியமா சொல்லத் தெரியலக்கா."

"அது நான் போட்டது. குட்டை. மூணு மரைதான் பிடிச்சிருந்துச்சு. ஒரு தடவை கழட்டி மாட்டினா அது தாங்காது. மூணு மரைதான்னு இன்னாசிக்குத் தெரியாது, நான் சொல்லல. சொல்லியிருந்தா அவன் உன்னைத் தொடவிட்டிருக்க மாட்டான்" என்றாள்.

நாகேஷ் ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டார். வயிறு குலுங்க, சத்தமில்லாமல், ரொம்ப நேரம் அழுதார். ஜோசஃபின் அவர் கையிலிருந்த காபி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். தோளைத் தொடவில்லை. போகும்போது கேட் வரைக்கும் போய் வழியனுப்பினாள்.

அவர் போனதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு மாசம் முன்னாடி வந்து சொல்லியிருந்தா அந்தம்மா காதுல விழுந்திருக்கும். ஆறு வருஷம் அவங்க உன் கை சோறு சாப்பிடல. அதை அவன்கிட்ட சொல்லாம, தப்பை நீயே எடுத்துக்கினியே?"

"மரை விஷயத்துல பொய் சொல்ல முடியாது யசோதா. அது தாங்கியிருக்காது."

"அம்மா பத்தியாவது சொல்லியிருக்கலாம்."

"அதை வேற அவன் தூக்கிக்கினு போகணுமா?"

இதைச் சொல்லிவிட்டு டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாய்த் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் ஓடியது. நான் போய்ப் பார்த்தபோது கழுவாமல் நின்றிருந்தாள். "ஒரு மாசம்" என்றாள். இன்னொரு முறையும் "ஒரு மாசம்" என்றாள். அன்றைக்குத்தான், இன்னாசி போன பிறகு முதல்முறையாக, அவள் வாய்விட்டு அழுதாள். நான் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய முடியும்?

நாகேஷ் அதற்குப் பிறகு அடிக்கடி வந்தார். மனைவி சோனியாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். பேச்சு எதுவும் பெரிதாக இருக்காது. கரண்டு பில், மெட்ரோ வரப்போகிறதாம், இப்படித்தான். பழைய ரேஸ் கூட்டத்தை அவர்தான் நடத்திவந்தார், அதில் இப்போது நூறு பேருக்கு மேல் சைக்கிள் ஓட்டினார்கள். எல்லாம் சாஃப்ட்வேர் ஆட்கள், எல்லார் காலிலும் கிளீட். வருஷத்துக்கு ஒரு ரேஸ் நந்தி மலை அடிவாரத்தில் நடத்துவார்கள். புறப்படுவதற்கு முன்னால் ஷூக்களை ஒருமுறை பார்த்துத் தர முடியுமா என்று அவளைக் கேட்டார். முடியாது என்றாள். அடுத்த வருஷமும் கேட்டார், முடியாது என்றாள். 2007இல் கேட்டபோது, "யசோதா வந்தா வரேன்" என்றாள்.

விடியற்காலைக் குளிரில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். வரிசையாக ஷூவைக் கழற்றி நீட்டினார்கள். அவள் ஒவ்வொன்றையும் திருப்பி, மூன்று போல்ட்டிலும் சாவியை வைத்துப் பார்த்துக் கொடுத்தாள். பெரும்பாலும் சரியாக இருந்தன. சிலதில் அரைச் சுற்று முடுக்கினாள். முப்பது பேர் வரைக்கும் ஆகியிருக்கும், அருண்குமார் என்று ஒருவர் வந்தார். விலையுயர்ந்த சைக்கிள். அவருடைய இடது ஷூவில் ஒரு போல்ட் சாவிக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை.

"உள்ள மரை போயிருக்கு சார். இதுல ஓட்டக் கூடாது" என்றாள்.

"பரவால்ல ஆன்ட்டி, மத்த ரெண்டும் டைட்டாதானே இருக்கு. குடுங்க, ஸ்டார்ட் பண்ணப் போறாங்க."

அவள் கொடுக்கவில்லை. மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, ஷூ குடுங்க."

"தர மாட்டேன்."

அவர் குரல் உயர்ந்தது. யார் இந்தம்மா, இவங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் சத்தம் போட்டார். நாலு மாசம் பயிற்சி செய்தேன் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அவள் பிடியை விடவில்லை. இன்னாசி பேரைச் சொல்லியிருந்தால் அவர் வாயடைத்திருப்பார், அதைச் சொல்லவில்லை. நாகேஷ் ஓடிவந்து, ஷூவை ஒருமுறை பார்த்துவிட்டு, அருண்குமாரின் நம்பரைப் பட்டியலிலிருந்து அடித்தார். கொடி அசைந்து மற்றவர்கள் போனபிறகுதான் அவள் ஷூவை நீட்டினாள். அவர் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, சாக்ஸோடு நடந்து போய்க் காரில் ஏறி, கதவை ஓங்கிச் சாத்தினார்.

அவள் முந்தானையில் கிரீஸைத் துடைத்தாள்.

"போலாமா?" என்றேன்.

"எல்லாரும் திரும்பி வரட்டும்" என்றாள்.

மூன்று மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறிவிட்டது. யார் முதலில் வந்தது என்று அவள் கவனிக்கவில்லை, ஒவ்வொருவரும் சைக்கிளை நிறுத்திக் காலை எடுப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி ஆள் வந்து காலைத் தரையில் ஊன்றியதும் எழுந்துகொண்டாள். நாகேஷ் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார், வேண்டாம் என்று பஸ்ஸுக்கு நடந்தாள். பஸ்ஸில் கூட்டம். ஹெப்பாள் வரைக்கும் இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே வந்தோம்.